பால் கான் கட்டிய சைக்கிளுக்கு இந்தப் பின்லைட் சரிவருமா?

கிளிநொச்சியில் ஒரு சைக்கிள் கடையில் 1,450 ரூபாய்க்கு வாங்கிய, சார்ஜ் பண்ணும் சிவப்புப் பின்லைட் இது. ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். வெளிச்சத்துக்கு மட்டும் என்றால் ஐந்தும் கொடுக்கலாம். பூட்டுகிற கிளிப்பால்தான் புள்ளி போகிறது.

நான் தருமபுரத்திலிருந்து பரந்தன் பக்கம் விடியமுன் பால் கொண்டு போகிறவன். அந்த நேரத்தில் ஏ35 வீதியில் மணல் டிப்பர்களுக்குத்தான் அவசரம். லைட்டைக் கரியரில் எரியவிட்டு, தம்பியைத் தள்ளிப் போய்ப் பார்க்கச் சொன்னேன். வாய்க்கால் மதகடியில் நின்றும் தெரிகிறது என்றான். மின்னி மின்னி எரிவதை விட நிலையாக எரிய விடுவது நல்லது. மின்னினால் சைக்கிள் எவ்வளவு தூரத்தில் போகிறது என்று பின்னால் வருபவனுக்குப் பிடிபடாது. மாரி மழையையும் தாங்கியது. புழுதிதான் துடைக்கத் துடைக்க வரும்.

கிளிப்புக்கு வருவோம். அதைச் சீற்றுக்குக் கீழே உள்ள கம்பியில்தான் பூட்டலாம். கரியரின் இரண்டு பக்கமும் கான், மேலே ஒரு சாக்கு என்று கட்டினால் அந்த லைட் எனக்கே தெரியாது. செய்தவர்கள் வெறும் சைக்கிளை நினைத்துச் செய்திருக்கிறார்கள். வன்னியில் வெறும் சைக்கிளை எங்கே காண்கிறது? விறகு, மீன்பெட்டி, புல்லுக்கட்டு, இல்லாவிட்டால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை.

சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் அக்காவின் மகனிடம் இதைச் சொன்னபோது சிரித்தான். அங்கே ஓடும் வேமோ டாக்சியில் சாரதியே இல்லையாம், லேசரால் இருட்டிலும் பார்க்குமாம், லைட்டே தேவையில்லையாம். சரி, பார்க்கட்டும். 2018 மார்ச்சில் அரிசோனாவின் டெம்பி நகரில் ஊபர் கம்பனி ஓட்டிப் பார்த்த, தானாக ஓடும் சோதனைக் காரும் பார்த்ததுதானே. இரவில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வீதியைக் கடந்த ஒரு பெண்ணை அது அடித்துக் கொன்றது. அந்தச் சைக்கிளிலும் பைகள் தொங்கின. அடிப்பதற்கு 5.6 செக்கனுக்கு முன்பே கார் அவரைக் கண்டுவிட்டது என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையின் விசாரணையில் தெரிந்தது. கண்டும், வாகனமா, வேறேதுமா, சைக்கிளா என்று மாற்றி மாற்றி நினைத்து, ஒவ்வொரு முறையும் கணக்கை முதலிலிருந்து போட்டிருக்கிறது.

பழி எங்கே விழுந்தது? கம்பனி மீது குற்ற வழக்கு இல்லை என்று 2019 இல் அரச சட்டத்தரணி சொல்லிவிட்டார். கார் ஓடுவதைக் கவனிக்கவென்று சாரதி ஆசனத்தில் இருந்து, போனைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் 2023 இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்புக்குப் போனார். நம்மூரிலும் சாரதி மறியலில், டிப்பர் முதலாளி வீட்டில். வேமோவில் அந்த ஆசனமும் வெறுமை, அப்படியென்றால் யாரைப் பிடிப்பார்கள் என்று மருமகனைக் கேட்டேன். "கம்பனியைத்தான், மாமா" என்றான், குரலில் அவ்வளவு உறுதி இல்லை.

இங்கே அடிபட்டால் பொலிஸ் கேட்கிற முதல் கேள்வி, சைக்கிளில் லைட் எரிந்ததா என்பது. அதற்காகவும்தான் இந்தக் காசைக் கொடுத்தேன். எரிந்தது, ஆனால் சாக்குக்குப் பின்னால் எரிந்தது என்று சொல்லி என்ன பயன்? அதனால் கிளிப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, பழைய ரியூப்பை வெட்டி, லைட்டைப் பின் மட்காட்டில் இறுக்கிக் கட்டியிருக்கிறேன். குறுக்கே கடக்கும்போது பின்லைட் உதவாது. பக்கத்திலிருந்து வருபவனுக்காகக் கரியர் கம்பிகளில் ஒளிர் ரேப் ஒட்டினேன். கானில் ஒட்டவேண்டாம், சுடுதண்ணீரில் கழுவினால் உரிந்துவிடும்.

வாங்குகிறவர்கள் சார்ஜ் வயரைக் கடையிலேயே குத்திப் பாருங்கள். பெட்டிக்குள் வருவது கட்டை வயர், எங்கள் வீட்டில் பிளக்கில் குத்தினால் மேசைக்கு எட்டாது.