பிரையன் மேயின் ஆந்தை

லண்டனிலிருந்து கிளம்பும் முன் "மாமா, உங்களுக்கு என்ன வேணும்?" என்று அக்கா மகன் கேட்டான். 'அவுல்' என்றேன். பெயர்தான் ஆந்தை. பொருள், இரண்டு லென்ஸ் வைத்த பிளாஸ்டிக் பெட்டி. ஒரே காட்சியைச் சற்றுத் தள்ளித் தள்ளி எடுத்த ஜோடிப் படம் அச்சிட்ட அட்டையைச் செருகி உள்ளே பார்த்தால், தட்டையான படம் ஆழம் பெற்று எழுந்து நிற்கும்.

இதை வடிவமைத்தவர் பிரையன் மே. குயின் ராக் இசைக்குழுவின் கிதார்காரர் என்றுதான் என் மாணவர்களுக்குத் தெரியும். முப்பது வருடம் இயற்பியல் நடத்திய எனக்கோ, சூரியக் குடும்பத்துத் தூசியைப் பற்றி 1970-இல் ஆய்வு தொடங்கி, பாட்டுக்காகப் பாதியில் விட்டுவிட்டு, 2007-இல் முனைவர் பட்டத்தை முடித்த மனிதர். அந்தப் பொறுமை பெட்டியிலும் தெரிகிறது.

தட்டையாக வந்தது. மடித்து நிறுத்த எனக்கு அரை மணி நேரம். குறிப்பைப் படித்திருந்தால் ஐந்து நிமிடம்தான். அட்டைக்கும் லென்ஸுக்கும் உள்ள தூரத்தை மாற்றலாம், அதுதான் இதன் சிறப்பு. சிறுவயதில் திருவிழாவில் பார்த்த பயாஸ்கோப்பில் அந்த வசதி ஏது? 1850-களில் டி. ஆர். வில்லியம்ஸ் எடுத்த ஒரு கிராமத்துப் படங்களை முதலில் பார்த்தேன். அது ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் ஹின்டன் வால்ட்ரிஸ்ட் என்று கண்டுபிடித்தவரும் மேதான்.

அப்புறம் சொந்த முயற்சி. இடது காலில் எடை வைத்து ஒரு படம், வலது காலுக்கு மாறி இன்னொன்று. போன் போதும். பக்கத்து ஸ்டூடியோவில் அட்டை அளவுக்குப் பிரிண்ட் போட்டேன். முதல் தடவை இடம் வலம் மாற்றி ஒட்டிவிட்டேன். எங்கள் துளசி மாடம் சுவருக்குள் குழியாகப் போய்விட்டது. சரியாக ஒட்டியதும், இலைகள் கையில் தட்டும் போலிருந்தது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். இரண்டு கண்ணிலும் பார்வை இருந்தால்தான் பலன். அம்மாவுக்கு ஒரு கண்தான் தெரியும். வாங்கிப் பார்த்துவிட்டு, "சாதா போட்டோதானே, இதுக்கா லண்டன்லேர்ந்து?" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை.

பொழுதுபோக்கு என்று இதை ஒதுக்கவும் முடியாது. பென்னு என்ற சிறுகோளில் மண் எடுக்க நாசா அனுப்பிய ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் நகர்ந்து நகர்ந்து எடுத்த படங்களில், மே குழுவினர் ஜோடி பொறுக்கி முப்பரிமாணமாக்கினார்கள். எங்கே இறங்கினால் பாறையில் முட்டாது என்று பார்க்க அவை உதவின. நான் துளசி மாடத்துக்குச் செய்த அதே வேலை, கொஞ்சம் தள்ளி.

அந்தப் படங்கள் 2023-இல் புத்தகமாக வந்திருக்கின்றன. அக்கா மகனிடம் அடுத்த பயணத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அம்மா சாக்லேட் சொல்லியிருக்கிறாள்.