பில்லில் 'புடவை 1', அட்டையில் அத்தனை வாக்குறுதி

வேலூரில் புதிதாக முளைத்திருக்கும் 'சஸ்டெயினபிள் லக்ஷுரி' புடவைக் கடைகளில் முகூர்த்தப் புடவை எடுக்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போகவும். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை.

மகளின் நிச்சயதார்த்தத்துக்கு வாங்கியது ராணி நிறத்தில் ஓர் ஆரணிப் பட்டு. 28,500 ரூபாய். விலை அதிகம் என்று தெரிந்துதான் கொடுத்தேன். கூடுதல் பணம் நெசவாளருக்குப் போகிறது, சாயக்கழிவு ஆற்றுக்குப் போகவில்லை என்றால் கொடுக்கலாம்தானே. தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறு பட்ட பாடு 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது. அதைப் பார்த்து வளர்ந்த எங்களிடம் 'ஆற்றைக் கெடுக்காத சாயம்' என்றால் உடனே எடுபடும். கடைக்காரருக்கும் அது நன்றாகவே தெரிந்திருக்கிறது.

புடவையோடு சணல் கயிற்றில் ஒரு பழுப்பு அட்டை தொங்கியது. அதில் வயதான நெசவாளர் ஒருவரின் படம், பெயர், தேவிகாபுரம் என்று ஊர். கீழே: கைத்தறி, சுத்தப் பட்டு, சுத்த ஜரிகை, அவுரி மஞ்சிட்டி கடுக்காய்ச் சாயம், மண்ணில் மக்கிவிடும். அசல் பட்டு என்பதற்கான சில்க் மார்க் முத்திரை எங்கே என்று கேட்டேன். "அதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்கு மேடம், நாங்கள் நெசவாளரிடம் நேரடியாக வாங்குகிறோம்" என்றாள் கடைப்பெண்.

ரவிக்கை தைக்கக் கொடுத்த இடத்தில்தான் குட்டு வெளிப்பட்டது. இஸ்திரிப் பெட்டி பட்டதும் துணியின் ஓரம் இழுத்துக்கொண்டு சுருங்கியது. சூடு மிஞ்சினால் பட்டு கருகும்; இப்படிச் சுருங்காது. தையற்காரர் வேலையை நிறுத்திவிட்டுத் துணியைத் திருப்பிக் கொடுத்தார், நல்ல மனிதர்.

ஆரணியில் எங்கள் சித்தப்பாவுக்குப் பழக்கமான நெசவாளர் ஒருவரிடம் அதைக் கொண்டுபோனேன். அவர் புடவையை விரித்துக்கூடப் பார்க்கவில்லை. ரவிக்கைத் துணியில் நீளவாக்கில் ஓடும் பாவிலிருந்து ஓர் இழை, குறுக்கே ஓடும் ஊடையிலிருந்து ஓர் இழை உருவித் தனித்தனியாகக் கொளுத்தினார். பாவு இழை முடி பொசுங்கிய நாற்றத்தோடு எரிந்தது. சாம்பலை விரலால் தேய்த்ததும் பொடியாயிற்று. ஊடை இழை உருகிக் கறுத்து, மிளகு போல இறுகிவிட்டது. அது பாலியஸ்டர். "முந்தானைக் குஞ்சத்தைக் கொளுத்திப் பார்ப்பவர்களுக்காகவே இப்படி நெய்கிறார்கள் அம்மா" என்றார். குஞ்சத்தில் தொங்குவது பாவு இழை மட்டும்தான்; அதைக் கொளுத்தினால் பட்டு என்றுதான் தோன்றும். புடவை முழுக்கக் குறுக்கே ஓடும் ஊடையை யாரும் சோதிப்பதில்லை.

ஜரிகையையும் பிரித்துக் காட்டினார். சுத்த ஜரிகையில் பட்டு நூலின்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியிருப்பார்கள். இதில் தகட்டை உரித்தால் உள்ளே வெள்ளையாகப் பாலியஸ்டர் நூல். மற்ற வாக்குறுதிகளும் அங்கேயே விழுந்துவிட்டன. அவுரியும் மஞ்சிட்டியும் பாலியஸ்டரில் சரியாகப் பிடிக்காது. பெட்ரோலியத்திலிருந்து வந்த இழை எந்த மண்ணில் மக்கப் போகிறது?

கடைக்குத் திரும்பிப் போனால், கைத்தறி என்றால் முன்பின் இருக்கத்தான் செய்யும் என்று எனக்கே பாடம் எடுத்தார்கள். பணம் திருப்பித் தரமாட்டோம், அதே விலைக்கு வேறு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் தொங்கிய பச்சைப் புடவையின் அட்டையைப் பார்த்தேன். அதே முதியவர், வேறு பெயர், வேறு ஊர். அந்தப் பெரியவருக்கு இது தெரியுமா என்பதே சந்தேகம். எனக்கு அதிகக் கோபம் வந்தது அந்த இடத்தில்தான்.

அட்டையைக் காட்டியதும் உரிமையாளர் பில்லைப் பார்க்கச் சொன்னார். பில்லில் 'புடவை 1' என்று மட்டும் இருந்தது. பட்டு, கைத்தறி, ஜரிகை எதுவும் இல்லை. அட்டை வெறும் அலங்காரமாம்! நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 அப்படிச் சொல்லவில்லை. பொருளின் தரத்தைப் பற்றிப் பொய்யாகச் சொல்வது, எழுத்திலோ வாய்ப்பேச்சிலோ படத்திலோ எப்படிச் சொன்னாலும், நேர்மையற்ற வணிக நடைமுறைதான்.

எந்தக் கடையில் எடுத்தாலும் 'சுத்தப் பட்டு, கைத்தறி, சுத்த ஜரிகை' என்று பில்லிலேயே எழுதிக் கேளுங்கள். எழுத மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். 2004இல் வந்த சில்க் மார்க் இழை பட்டு என்பதற்கு மட்டுமே சான்று. 2006இல் வந்த கைத்தறி முத்திரை கைத்தறியில் நெய்தது என்பதற்கு மட்டுமே. ஒன்றைக் காட்டி இன்னொன்றையும் சேர்த்து விற்பவர்கள் இருக்கிறார்கள். ஜரிகைக்கு இரண்டுமே பொறுப்பேற்காது.

இதே போன்ற பழுப்பு அட்டையோடு வேலூரில் புடவை எடுத்தவர்கள் ரவிக்கைத் துணியின் ஊடை இழை ஒன்றை உருவிக் கொளுத்திப் பாருங்கள். உருகினால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். பில்லையும் அட்டையையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.