கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு ஆற்றுப்படுகை: படிவு ஆய்வுப் பெட்டி பற்றிய மதிப்புரை

பாறை சிதைந்து மணலாகவும் களிமண்ணாகவும் மாறி, நீரோடு பயணித்து, ஓரிடத்தில் படிவதை வீட்டிலேயே காட்டும் என்று விற்கப்படும் ஆய்வுப் பெட்டி ஒன்றை என் மகளுக்காக வாங்கி, ஒரு மாதமாக இருவரும் பயன்படுத்தி வருகிறோம். சில பாறைத் துண்டுகள், நான்கு சல்லடைகள், 30 சென்டிமீட்டர் உயரமுள்ள கண்ணாடிக் குழாய், கைலென்ஸ், கையேடு ஆகியவை அதில் உள்ளன.

கொடுத்த விலைக்கு அந்தக் குழாய் ஒன்றே போதும். மண் கலந்த நீரை ஊற்றிக் குலுக்கி நிறுத்தினால், 0.2 மில்லிமீட்டர் மணல் கால் நிமிடத்திற்குள் அடியில் சேர்ந்துவிடுகிறது, 0.02 மில்லிமீட்டர் வண்டல் துகளுக்கு ஏறத்தாழ கால் மணி நேரம் ஆகிறது. துகளின் விட்டம் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் அது படியும் வேகம் நூறில் ஒன்றாகக் குறையும் என்ற ஸ்டோக்ஸ் விதிப்படி, 0.002 மில்லிமீட்டர் களிமண் துகள் அதே உயரத்தைக் கடக்க ஒரு நாள் அளவுக்கு ஆகும். கையேடோ ஒரு மணி நேரத்தில் நீர் முழுவதும் தெளிந்துவிடும் என்கிறது. இது தவறு, நீர் தெளியாததைக் கண்ட என் மகள், தான்தான் ஏதோ பிழை செய்துவிட்டதாக வருந்தினாள்.

கையேட்டில் இல்லாத ஒன்றையும் செய்து பார்த்தோம். கலங்கிய நீரில் உப்பைக் கரைத்ததும், ஒன்றையொன்று விலக்கிக்கொண்டிருந்த களிமண் துகள்கள் திரண்டு விரைவாக இறங்கின. ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரங்களில் சேறு சேர்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதால், இந்தச் சோதனைக்குக் கையேட்டில் கட்டாயம் இடம் தந்திருக்க வேண்டும்.

பாறைத் துண்டுகள் அக்கறையோடு தேர்ந்தெடுக்கப்பட்டவை. சிதையாத கிரானைட்டையும் சிதைந்த கிரானைட்டையும் அருகருகே வைத்துக் கைலென்ஸ் வழியாகப் பார்த்தால், சிதைந்த துண்டில் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் மங்கிப்போய் நகத்தால் சுரண்டும் அளவுக்குப் பொடிந்திருக்க, குவார்ட்ஸ் என்ற கனிமம் மட்டும் கண்ணாடிபோல் மின்னுவது தெரிகிறது. மணலில் பெரும்பாலும் குவார்ட்ஸே மிஞ்சுவது ஏன் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. ஆனால் காற்றும் வெயிலும் மழையும் பாறையை உடைக்கின்றன என்பதோடு கையேடு நின்றுவிடுகிறது. கரியமில வாயு கரைந்த மழைநீர் ஃபெல்ட்ஸ்பாரை வேதிமாற்றத்தால் களிமண்ணாக்குவதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

சல்லடைகள் உறுதியானவை. குழாயின் தக்கை மட்டும் இரண்டாம் வாரமே கசியத் தொடங்கியது. தனியாக ஒரு ரப்பர் அடைப்பானை வாங்கிப் பொருத்திய பிறகே குழாயை நிம்மதியாகக் கவிழ்த்துக் குலுக்க முடிந்தது.