வைப்பைப் புதுப்பிக்கப் போன அம்மாவிடம் காப்புறுதியைக் கட்டிவிட்டார்கள்

திருகோணமலையில் நிலையான வைப்பு முதிர்ந்து, அதைப் புதுப்பிக்க வங்கிக்குப் போகிறவர்கள், முக்கியமாக வயதான அம்மா அப்பாவைத் தனியே அனுப்புகிறவர்கள், தயவுசெய்து இதை வாசியுங்கள்.

அப்பாவின் பணிக்கொடையில் மிஞ்சிய 12 லட்சத்தை அம்மா 2023 தொடக்கத்தில் ஒரு வருட வைப்பில் போட்டார். அப்போது வட்டி இருபது வீதத்துக்கு மேல். அடுத்த வருடம் முதிர்ந்தபோது அது பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. உப்புவெளியிலிருந்து பஸ் ஏறி டவுன் கிளைக்குப் போன அம்மா அதைக் கேட்டு முகம் வாடி நின்றிருக்கிறார். உடனே பக்கத்து மேசையில் இருந்த பிள்ளை, "இங்க வாங்கோ அம்மா, இதில போட்டா 12 வீதம், காப்புறுதியும் சேர்த்து" என்று கூப்பிட்டிருக்கிறா. வங்கிக்காரர் உடுத்திருந்த அதே நிறச் சேலை. அவ காப்புறுதி நிறுவனத்தின் ஆள் என்பது அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

படிவம் முழுக்க ஆங்கிலம். கையெழுத்து வைக்க வேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தது. 9 லட்சம் வைப்புக்குப் போனது, 3 லட்சம் இதற்கு. ஒரு தடவை கட்டினால் போதும் என்றுதான் அம்மா விளங்கிக்கொண்டார்.

2025 இல் இரண்டாவது 3 லட்சத்தைக் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தபோதுதான் எனக்கு விஷயமே தெரியும். காப்புறுதிக்காரர் கொடுத்த ஒப்பந்தப் புத்தகத்தைப் பிரித்தேன். பத்து வருடம், வருடத்துக்கு 3 லட்சம். அந்த 12 வீதம் ஒரு உதாரணக் கணக்கு மட்டுமே, உத்தரவாதம் இல்லை என்று அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்தது. மூன்று வருடம் கட்டி முடிக்க முன் நிறுத்தினால் ஒரு சதமும் திரும்பாது. கையில் கிடைத்த சில நாட்களுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம் என்றும் அதிலேயே எழுதியிருந்தது, ஆனால் அந்த நாட்களில் புத்தகம் சாமி அறை அலுமாரியில் பத்திரமாக இருந்தது. வைப்பென்றால் ஒற்றைத் தாள் சான்றிதழ்தான் தருவார்கள். தடித்த புத்தகம் வந்தால் அன்றைக்கே யாரையாவது கொண்டு வாசிப்பியுங்கள்.

அம்மாவுக்குத் தேவைப்பட்டது மாதாமாதம் மருந்துக்கு வட்டி, அவசரத்துக்கு எடுக்கக்கூடிய முதல் பணம். அதற்கு மாத வட்டி வைப்பே போதும். வங்கி முறிந்தாலும் ஆள் ஒருவருக்கு, ஒரு நிறுவனத்தில், 11 லட்சம் வரை வைப்புக் காப்புறுதிப் பாதுகாப்பு உண்டு. அதனால் இரண்டு வங்கிகளில் பிரித்துப் போட்டிருக்கலாம். ஆயுள் காப்புறுதிக்குக் கட்டும் காசுக்கு அந்தப் பாதுகாப்புப் பொருந்தாது. 91, 182, 364 நாள் திறைசேரி உண்டியலும் இருக்கிறது, அரசாங்கம் வாங்கும் கடன், தவணையும் குறுகியது. பக்கத்து வீட்டு மாமி நகையாகவே வாங்கி வைத்தார், விலை ஏறி இறங்கினாலும் அவசரத்துக்கு அடகு வைத்தால் அன்றைக்கே காசு. காப்புறுதியே கூடாது என்று நான் சொல்லவில்லை, சிறு பிள்ளைகளோடு உழைக்கிற ஆளுக்கு அது அவசியம். பிள்ளைகள் எல்லாம் கரைசேர்ந்த 63 வயது மனுஷிக்கு எதற்குப் பத்து வருடத் திட்டம்? அதைத் தெரிந்துகொண்டே விற்றதுதான் என் கோபம்.

கிளையில் கேட்டால், "அம்மா கையெழுத்து வைச்சிருக்கிறாவே" என்கிறார்கள். இலங்கை காப்புறுதி ஒழுங்குமுறை ஆணைக்குழுவுக்குப் போன வாரம் பதிவுத் தபாலில் முறைப்பாடு அனுப்பினேன், படிவத்தின் பிரதியும் சேர்த்து. இதே மாதிரி உங்கள் வீட்டிலும் நடந்திருந்தால் எழுதுங்கள். பதில் வந்ததும் நானும் எழுதுகிறேன்.