உணவு நாட்குறிப்பும் ஐசோடோப்பு நீரும்: எதை நம்பலாம்?

உடல் பருமன் ஆய்வில் ஒருவர் எவ்வளவு உண்கிறார் என்பதை அறிய, அவரையே எழுதித் தரச் சொல்லலாம். அல்லது அவர் உடல் செலவிடும் ஆற்றலை அளந்து, அதிலிருந்து கணக்கிடலாம்.

நாட்குறிப்பு மலிவானது, ஆயிரக்கணக்கானோரிடம் நடத்தத்தக்கது. ஆனால் நினைவு தவறுகிறது, பரிமாறிய அளவு குறைவாகத் தோன்றுகிறது, எழுதும் நாட்களில் உண்பதே குறைந்துவிடுவதும் உண்டு. பிழை எல்லோரிடமும் ஒரே விதமாக இருந்தாலாவது ஒப்பிட முடியும். எடை கூடியவர்களிடம் குறைத்துச் சொல்வதும் பொதுவாகக் கூடுவதுதான் சிக்கல்.

மற்ற முறையில் டியூட்டீரியமும் ஆக்சிஜன்-18உம் (ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகியவற்றின் கனமான வடிவங்கள், அதாவது ஐசோடோப்புகள்) கொண்ட நீரைக் குடிக்கக் கொடுத்து, ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்குச் சிறுநீரில் அவை குறையும் வேகத்தைப் பார்க்கிறார்கள். முன்னது நீராகவும் பின்னது நீரோடு கார்பன் டை ஆக்சைடாகவும் வெளியேறுவதால், இரண்டின் வேறுபாடு உடல் வெளிவிட்ட கார்பன் டை ஆக்சைடின் அளவையும், அதன்வழி ஆற்றல் செலவையும் காட்டுகிறது. எடை மாறாதவருக்கு உட்கொண்டதும் ஏறக்குறைய அதுவே.

1992இல் வெளியான நியூயார்க் ஆய்வொன்றில், நாளுக்கு 1,200 கலோரிக்கும் குறைவாக உண்டும் மெலியவில்லை என்றவர்களை இம்முறையில் சோதித்தபோது, அவர்கள் உணவைச் சராசரியாக 47 விழுக்காடு குறைத்தும் உடலுழைப்பை 51 விழுக்காடு கூட்டியும் சொன்னது தெரிந்தது. வளர்சிதை மாற்றம் இயல்பாகவே இருந்தது. இதைப் பொய் என்பது அநியாயம். பலர் தாம் சொன்னதை உண்மையாகவே நம்பினர்.

ஐசோடோப்பு நீர் விலை மிகுந்தது. உண்டது சோறா, இனிப்பா என்றும் சொல்லாது. உணவின் வகையை அறிய நாட்குறிப்பு வேண்டும். மொத்தக் கலோரிக்கு அதை மட்டும் நம்பிய முடிவுகளை நான் ஏற்கமாட்டேன்.