இரைப்பைக் குறைப்புக்குப் பின் சாப்பிடுவதற்கு ஒரு பாத்திரத் தொகுப்பு: 14 மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு என் மதிப்பீடு

எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கென்றே தயாரிக்கப்படும் பாத்திரத் தொகுப்பு ஒன்றை, என் அறுவைச் சிகிச்சைக்கு இரண்டு வாரங்களுக்கு முன் என் தங்கை வாங்கித் தந்தாள். 30 மி.லி. கொள்ளும் ஆறு சிறு கோப்பைகள், ஒரு சிறு கரண்டி, மூன்று பிரிவுகள் கொண்ட தட்டு, ஒரு நிமிட மணற்கடிகாரம், 30 நிமிட மணற்கடிகாரம், வாரத்துக்கான மாத்திரைப் பெட்டி, ஒரு கையேடு ஆகியவை அதில் இருந்தன. எனக்குச் செய்யப்பட்டது ஸ்லீவ் எனப்படும் முறை; இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்குக்கு மேல் வெட்டி நீக்கிவிட்டு, மிச்சத்தை ஒரு குழாய் போல விட்டுவைப்பார்கள். தயாரித்த நிறுவனத்தின் பெயரை இங்கே நான் குறிப்பிடவில்லை. இதே அமைப்பிலான தொகுப்புகளைப் பலர் விற்கிறார்கள். நான் கண்ட குறைகள் எந்தத் தொகுப்பை வாங்கும்போதும் பார்த்துக்கொள்ள வேண்டியவை என்பதால், பொருளை மட்டும் பேசுவதே பயனுள்ளதாக இருக்கும்.

முதல் மூன்று வாரங்களில் எனக்கு உண்மையாகவே கைகொடுத்தவை அந்தக் கோப்பைகள்தாம். அறுவைச் சிகிச்சை முடிந்ததும் முதலில் தெளிந்த நீராகாரம், அதன் பிறகு பால் போன்ற கெட்டியான நீராகாரம், பிறகு மசித்த உணவு, அடுத்து மென்மையான உணவு என்று படிப்படியாக நகர்த்தி, ஆறு முதல் எட்டு வாரங்களில் வழக்கமான உணவுக்குக் கொண்டுவருவார்கள். இந்த நாட்களில் பசி ஒரு பெரிய பிரச்சினையாக இருக்காது. நீர்ச்சத்துக் குறைவதுதான் பிரச்சினை. நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் அளவுக்காவது நீர் உள்ளே போக வேண்டும் என்பார்கள், ஆனால் ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்துக் குடிக்கவே முடியாது. இரண்டு மடக்குக்குள் நெஞ்சை அடைத்துவிடும். கால் மணிக்கு ஒரு கோப்பை என்று கணக்கு வைத்துக்கொண்டால், ஆறு கோப்பைகளும் காலியாக ஒன்றரை மணி நேரம் ஆகும். அதற்குள் 180 மி.லி. உள்ளே போயிருக்கும். காலையில் எழுந்ததும் ஆறையும் நிரப்பி மேசையில் வரிசையாக வைத்துவிடுவேன். அப்படி எட்டு வரிசை முடித்தால் 1,440 மி.லி. ஆகிவிடும். களைப்பும் மயக்கமுமாக இருக்கிற அந்த நாட்களில் எவ்வளவு குடித்தோம் என்பதை நினைவில் வைத்திருக்க எனக்குத் தெம்பு இல்லை. காலிக் கோப்பைகளை எண்ணுவது மட்டும் முடிந்தது. சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போன ஒரு நாளில் எண்ணிப் பார்த்தபோது ஐந்தாவது வரிசையோடு நான் நிறுத்தியிருந்தது தெரியவந்தது.

மசித்த உணவிலிருந்து மென்மையான உணவுக்கு மாறிய பிறகு கோப்பைகள் ஒதுங்கிக்கொண்டன. அந்த இடத்தை மணற்கடிகாரங்கள் பிடித்தன. இந்தத் தொகுப்பிலேயே மிகச் சிறந்த பொருள் எது என்று கேட்டால், தயக்கமின்றி ஒரு நிமிட மணற்கடிகாரத்தைத்தான் சொல்வேன். ஒரு வாய் உணவை இருபது முப்பது முறை மென்று விழுங்கிவிட்டு, கரண்டியைக் கீழே வைத்து, கடிகாரத்தைத் திருப்பி வைத்து, மணல் முழுவதும் இறங்கிய பிறகே அடுத்த வாயை எடுக்க வேண்டும். ஸ்லீவ் இரைப்பை விரிந்து கொடுக்காது. பழைய இரைப்பை போல வருவதையெல்லாம் ஏற்று வைத்துக்கொள்ள அதில் இடம் கிடையாது. முதல் வாய் உள்ளே இறங்குவதற்குள் மூன்றாவது வாய் போய்ச் சேர்ந்தால், உணவு வந்த வழியே திரும்பும். எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று எல்லோரும் சொல்லிக் கொடுத்தார்கள், எவ்வளவு மெதுவாகச் சாப்பிட வேண்டும் என்பதை எனக்குக் கற்றுத் தந்தது இந்தக் கடிகாரம்தான்.

அதை நான் புறக்கணித்த ஒரு நாளைச் சொல்ல வேண்டும். இரண்டாம் மாத முடிவில், வெளியே கிளம்பும் அவசரத்தில், சற்று உலர்ந்துபோயிருந்த கோழித் துண்டுகளைக் கடிகாரம் இல்லாமலேயே நின்றபடி சாப்பிட்டேன். நான்காவது துண்டில் மூக்கு ஒழுகத் தொடங்கியது. அதை நான் பொருட்படுத்தவில்லை. அடுத்த துண்டில் மார்பெலும்புக்குப் பின்னால் கல்லை வைத்து அழுத்துவது போல ஒரு வலி. வாயில் எச்சில் ஊறி ஊறி நுரையாக வந்தது. ஏறக்குறைய முக்கால் மணி நேரம் கழுவுதொட்டிக்கு முன்னால் நின்றிருந்தேன். மூக்கு ஒழுகுவதும், விக்கல் வருவதும், திடீரென்று ஒரு தும்மல் வருவதும் பலருக்கு இரைப்பை நிரம்பிவிட்டதற்கான அறிகுறிகள் என்று பிறகு என் உணவியல் நிபுணர் விளக்கினார். ஒரு நிமிடம் காத்திருந்திருந்தால் மூக்கு சொன்னதைக் கேட்க எனக்கு நேரம் இருந்திருக்கும்.

30 நிமிடக் கடிகாரம், சாப்பிட்டு முடித்த பிறகு தண்ணீர் குடிக்கக் காத்திருப்பதற்கானது. சாப்பாட்டோடு சேர்த்துத் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பதை அறுவைச் சிகிச்சைக்கு முன்பே சொல்லிவிடுவார்கள். இருக்கிற கொஞ்ச இடத்தையும் தண்ணீர் எடுத்துக்கொண்டால் உணவுக்கு இடமிருக்காது, குமட்டலும் வாந்தியும் வரும். இரைப்பை பைபாஸ் (இரைப்பையின் மேற்பகுதியை ஒரு சிறு பையாகப் பிரித்து, அதை நேராகச் சிறுகுடலோடு இணைக்கும் முறை) செய்துகொண்டவர்களுக்கு, ஏறக்குறைய 30 மி.லி. அளவே உள்ள அந்தச் சிறு பையிலிருந்து உணவு சீக்கிரமாக வெளியேறி, விரைவில் மறுபடி பசிக்கும் என்பதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். வேலை நன்றாகவே செய்கிற கடிகாரம், ஆனால் கனமான கண்ணாடி. எனக்கு வந்ததன் மரச்சட்டம் நான்காம் மாதத்தில் கழன்றுவிட்டது. கைப்பேசியில் நேரம் வைத்துக்கொண்டாலே போதும் என்பதால் இது இல்லாமலும் சமாளிக்கலாம்.

கரண்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாதாரணத் தேக்கரண்டியில் பாதி கொள்ளும். பிடி மட்டும் பெரியவர்கள் கைக்கு ஏற்ற நீளத்தில் இருப்பதால், குழந்தைகளின் கரண்டியை வைத்துக்கொண்டு எல்லோர் முன்னிலையிலும் சாப்பிடுகிற கூச்சம் இல்லை.

தட்டுதான் என்னை வருத்தியது. அதன் பாதியைக் காய்கறிக்கும், கால் பகுதியைப் புரதத்துக்கும், மீதிக் கால் பகுதியை மாவுச்சத்துக்கும் என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் படமும் அச்சிட்டிருக்கிறார்கள். பொதுவாக உடல்நலத்தோடு இருப்பவர்களுக்குச் சொல்லப்படும் தட்டு அது. அதைச் சிறிய அளவில் செய்துவிட்டால் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவருக்கு ஏற்றதாகிவிடாது. எங்களுக்கு நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் தேவை என்பதே பொதுவான அறிவுரை. எடை வேகமாகக் குறையும் மாதங்களில் புரதம் போதாவிட்டால் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையும். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம்தான் இருக்கிறது. வேளைக்கு நாலைந்து சிறு கரண்டியோடு வயிறு நிறைந்துவிடுகிறவர், அந்த நாலைந்து கரண்டியில் பாதியைக் காய்கறிக்குக் கொடுத்துவிட்டால் 60 கிராமை எப்போது எட்டுவது? ஆகவே முதலில் புரதம், அது முடிந்தால் காய்கறி, அதன் பிறகும் இடமிருந்தால்தான் மாவுச்சத்து என்ற வரிசையில் சாப்பிடச் சொல்கிறார்கள். இந்தத் தட்டைக் காட்டியபோது, பெரிய பிரிவில் புரதத்தை வைத்து, படத்தைப் பார்க்காமல் சாப்பிடும்படி என் உணவியல் நிபுணர் சொன்னார். நானும் அப்படியே செய்தேன், ஆனால் இந்தத் தொகுப்பை மட்டுமே நம்பி, கேட்க ஆளில்லாமல் இருப்பவர் அச்சிட்ட படத்தைத்தானே பின்பற்றுவார் என்ற கவலை எனக்கு இன்னும் போகவில்லை.

மாத்திரைப் பெட்டியிலும் இதே போன்ற யோசனைக் குறைவு தெரிகிறது. வாரத்தின் ஏழு நாட்களுக்கு ஏழு அறைகள். நாளுக்கு ஓர் அறை. காலையில் திறந்து எல்லாவற்றையும் ஒருசேர விழுங்கிவிட வேண்டியதுதான் என்று அந்த அமைப்பே சொல்லிவிடுகிறது. எங்களுக்கு நாளொன்றுக்கு 1,200 முதல் 1,500 மி.கி. கால்சியம் தேவை என்கிறார்கள். ஆனால் ஒரே வேளையில் 500 முதல் 600 மி.கி.க்கு மேல் உடல் நன்றாக உறிஞ்சிக்கொள்ளாது. இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் கால்சியம் தடுக்கும் என்பதால், இரண்டுக்கும் இடையில் குறைந்தது இரண்டு மணி நேரம் விட வேண்டும். பல சத்துகளும் சேர்ந்த மல்டிவைட்டமின் மாத்திரையில் இரும்பு இருந்தால் அதற்கும் இதே விதி. இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் நாளுக்கு நான்கு வேளை வருகிறது. வாங்கிய இரண்டாவது மாதமே அந்தப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, நாளுக்கு நான்கு அறைகள் உள்ள வேறொன்றை வாங்கிக்கொண்டேன். கால்சியத்திலும் சிட்ரேட் வகை இரைப்பை அமிலத்தை நம்பியிருக்காததால், எங்களுக்குப் பெரும்பாலும் அதையே பரிந்துரைக்கிறார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கடையில் கேட்டு வாங்கும்போது பெயரைப் படித்துப் பார்க்க வேண்டும்.

கையேடு, படிக்க எளிமையாக, நல்ல மொழியில் எழுதப்பட்டிருக்கிறது. டம்பிங் என்ற நிலையைப் பற்றிய பகுதி மிகத் தெளிவு: சர்க்கரை மிகுந்த உணவு சிறுகுடலுக்குள் விரைவாகக் கொட்டும்போது, சாப்பிட்ட 10 முதல் 30 நிமிடங்களுக்குள் படபடப்பு, வயிற்றுப் பிடிப்பு, வயிற்றுப்போக்கு ஆகியவை வருவது ஒரு வகை, ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து, ரத்தச் சர்க்கரை சரிந்து வியர்வையும் நடுக்கமும் வருவது இன்னொரு வகை. பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு இது அதிகம் என்றாலும், ஸ்லீவ் செய்துகொண்டவர்களுக்கும் வரலாம் என்று எழுதியிருப்பது சரியே. முடி உதிர்வதைப் பற்றியும் ஒரு பக்கம் இருக்கிறது. மூன்றாம் மாதத்தில் சீப்பு நிறைய முடி வந்தபோது அந்தப் பக்கத்தைத்தான் எடுத்துப் படித்தேன். வேகமான எடைக் குறைவால் வரும் இந்த உதிர்வு பெரும்பாலும் தானாகவே நின்று முடி மீண்டும் வளரும் என்ற வரி அன்று எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

ஆனால் இரண்டு இடங்களில் கையேடு தவறுகிறது. புரதப் பொடிகளைப் பற்றிச் சொல்லுமிடத்தில் பாலிலிருந்து எடுக்கும் வே புரதம், சோயாப் புரதம் ஆகியவற்றோடு கொலாஜென் பொடியையும் சமமாக வைத்திருக்கிறார்கள். கொலாஜெனில் ட்ரிப்டோபேன் என்ற இன்றியமையாத அமினோ அமிலமே கிடையாது. அதை மட்டும் குடித்துவிட்டு இன்றைய புரதம் முடிந்தது என்று கணக்கெழுதினால் அது தவறான கணக்கு. அதைவிடக் கவலைக்குரியது வாந்தியைப் பற்றிய பகுதி. தொடர்ந்து வாந்தி வந்தால் நீராகாரத்துக்குத் திரும்பி இரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள் என்று எழுதியிருக்கிறார்கள். உடலில் தயமின் எனப்படும் பி1 சத்தின் சேமிப்பு இரண்டு மூன்று வாரங்களிலேயே தீர்ந்துபோகக் கூடியது. வாந்தியால் அது உள்ளே நிற்காமல் போனால் பார்வை இரட்டையாவது, நடை தள்ளாடுவது, குழப்பம் என்று மூளையைப் பாதிக்கும் வெர்னிக்கி என்ற நிலை வரலாம், தாமதித்தால் நிரந்தரப் பாதிப்பும் ஏற்படலாம். ஓரிரு நாட்களுக்கு மேல் எதுவுமே வயிற்றில் தங்கவில்லை என்றால் பொறுத்துப் பார்க்க வேண்டியதில்லை. அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். இந்த ஒரு பத்தியைத் திருத்தச் சொல்லி நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன்.

கையேடு பன்னிரண்டாம் மாதத்தோடு முடிந்துவிடுகிறது. எனக்கோ பத்தாம் மாதத்தில்தான் பசி திரும்பி வந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கும் இரைப்பையின் மேற்பகுதியை ஸ்லீவ் முறையில் நீக்கிவிடுவதால், முதல் சில மாதங்கள் பசியே தெரியாமல் கழிந்தன. அந்தக் காலம் முடிந்தபோது எனக்குக் கிடைத்த வழிகாட்டல் மிகக் குறைவு. கோழியோ மீனோ நாலு கரண்டியில் என்னை நிறுத்திவிடும். பிஸ்கட்டும் ஐஸ்கிரீமும் அப்படி நிறுத்துவதில்லை, மென்மையாகக் கரைந்து வழுக்கிக்கொண்டு போய்விடுகின்றன. அரை மணிக்கு ஒருமுறை ஒரு பிஸ்கட் என்று நாள் முழுவதும் கொறித்தால் எவ்வளவு சிறிய இரைப்பையும் எடை கூடுவதைத் தடுக்காது. அந்த மாதத்தில் ஒரு நிமிடக் கடிகாரத்தை மறுபடி மேசைக்குக் கொண்டுவந்தேன். உட்கார்ந்து, தட்டில் வைத்து, கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிச் சாப்பிடுவது என்றால் கொறிப்பது தானாகவே குறைந்துவிடுகிறது.

அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டவர்களுக்கு இந்தத் தொகுப்பை நான் பரிந்துரைப்பேனா என்றால், கோப்பைகளுக்காகவும் ஒரு நிமிடக் கடிகாரத்துக்காகவும் பரிந்துரைப்பேன். அவை தனியாகக் கிடைத்தால் தனியாக வாங்குவது மேல். உங்கள் அறுவைச் சிகிச்சைக் குழு தந்த உணவுப் படிநிலை அட்டவணைக்கும் கையேட்டுக்கும் முரண்பாடு வந்தால் குழு சொல்வதையே கேளுங்கள். உங்கள் வயிற்றைத் திறந்து பார்த்தவர்கள் அவர்கள். வாங்கும்போது கோப்பையின் 15, 30 மி.லி. கோடுகள் பிளாஸ்டிக்கிலேயே புடைப்பாகப் பதிக்கப்பட்டிருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். என்னுடையவற்றில் அவை மையால் அச்சிடப்பட்டிருந்தன. வெந்நீரில் கழுவிக் கழுவி மூன்றாம் வாரத்திலேயே அழிந்துவிட்டன, அதன் பிறகு நகப்பூச்சால் நானே கோடு போட்டுக்கொண்டேன்.