தேயிலை லயமா, ரப்பர் லயமா?

ஆங்கிலேயர் ஆட்சியில் இலங்கைக்கும் மலாயாவுக்கும் (இன்றைய தீபகற்ப மலேசியா) போன தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களை ஒரே கதையாகச் சொல்லிவிடுவது வழக்கம். கங்காணி என்ற மேஸ்திரி ஆள் பிடித்ததும், லயம் என்ற வரிசை வீடுகளில் குடிவைத்ததும் இரண்டிலும் உண்டு. ஆனால் அன்றாடம் வேறு.

இலங்கைக்கு ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் முகாமில் அடைபட்டு, கடலைக் கடந்து போக வேண்டியிருந்தது. மலாயாவுக்கு நாகப்பட்டினத்தில் கப்பலேறி பினாங்கில் இறங்குவார்கள். தூரம் அதிகம், ஊருக்குப் போய்வருவதும் அத்தனை எளிதல்ல.

கடன்தான் இலங்கையின் பெரிய விலங்கு. வழிச்செலவே கணக்கில் ஏறிவிடும். கங்காணியின் கடனை அடைத்தால்தான் வேறு தோட்டத்துக்கு விடுவார்கள். அதற்கு ஒரு துண்டுச் சீட்டு. அந்தத் துண்டு முறை 1921இல் ஒழிந்தது, கடன் அத்தோடு ஒழியவில்லை. மலாயாவில் 1907இல் வந்த குடியேற்ற நிதி வழிச்செலவை ஏற்றது. அந்த வகையில் மலாயா மேல் என்றே சொல்வேன். ஆனால் தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை வைத்து, கொடுத்த கூலியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்களே, அதை என்னவென்பது?

வேலை? தேயிலையில் பெண்களின் விரல்தான் மூலதனம்: பனி, அட்டைக்கடி, முதுகில் கூடை, சாயங்காலம் நிறுவையில் கழிவு. ரப்பரில் விடியும் முன்னே பால் வெட்டியாக வேண்டும். வெயில் ஏறினால் பால் வடிவது குறையும். மழை பெய்தால் வெட்டு இல்லை, கூலியும் இல்லை.

1940களில் இருவருக்கும் அடி விழுந்தது. மலாயாத் தமிழர்களை ஜப்பானியர் சயாம் (தாய்லாந்து)–பர்மா ரயில்பாதை போட இழுத்துப் போனார்கள். இலங்கையிலோ 1948 குடியுரிமைச் சட்டம் இந்தத் தோட்டத் தொழிலாளர் வழிவந்த மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது.